ஏழு பேருக்கு ஒரு ஜன்னல்

குடிநீர் வழங்கும் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் மூத்தவளுக்குப் பம்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள். அந்த அளவுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப் நிலையங்கள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. எந்த மோட்டார் எப்போது மக்கர் பண்ணும், எந்த நிலையத்துக் கம்ப்யூட்டர் வெயில் ஏறினால் முரண்டு பிடிக்கும், எல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

அவள் வேலைக்குச் சேர்ந்தது டைப்பிஸ்டாக. அந்தக் காலத்தில் ஏதாவது ஒரு நிலையத்துக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் வேன் போட்டுக்கொண்டு போகவேண்டும். இன்ஜினியர் முன் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவார். இவள் பின்னால் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டு போவாள். அங்கே போனதும் அவர் சொல்லச் சொல்ல இவள் தட்டுவாள். கொஞ்ச நாளில் அவர் சொல்வதற்கு முன்பே தட்டினாள். இன்னும் கொஞ்ச நாளில் அவர் வருவதையே நிறுத்திக்கொண்டார். பிறகு எல்லா நிலையங்களுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே மலை நிலையத்துக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பிய அன்று, வீட்டுக்கு வந்து புருஷனிடம், "மலை ஏறாமலே மலையில இருந்துட்டு வந்தேங்க" என்று சிறுபிள்ளை மாதிரி குதித்தாள். வேலையில் அவ்வளவு சந்தோஷப்படுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மேற்கொண்டு கதை ஓடாது. அலுவலகத்தில் இருப்பதெல்லாம் விண்டோஸ் கம்ப்யூட்டர். பம்ப் நிலையங்களில் இருப்பது வேறு ரகம். இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கே இருப்பதோடு பேச நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும். டெர்மினல் என்பார்கள். திறந்தால் ஒரு கறுப்பு ஜன்னல் வரும். அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. நாம் ஒரு வரி தட்டினால், அந்தப் பக்கத்து மெஷின் பதிலுக்கு ஒரு வரி எழுதும். அவ்வளவுதான் மொத்த வித்தையும். பம்பக்கா இதை எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்துவிட்டாள். "ரிமோட்டா வேலை பாக்கறேன்" என்று ஒருமுறை சொல்லப்போய், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டு டிவி ரிமோட்டோடு வந்து நின்றாள். "அண்ணி, சவுண்டு பட்டன் அமுங்க மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்களேன்." பம்பக்காவும் அதைக் கழற்றித் துடைத்துச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டாள். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

இப்படிப்பட்ட புரோகிராம்கள் ஒன்றா இரண்டா, ஊர்ப்பட்டவை இருக்கின்றன. பிரிவில் ஆளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். பம்பக்காவுடையது ஒரே ஒரு சின்னக் கோப்பாக வரும், இலவசப் புரோகிராம். அதற்குக் குட்டி என்று பெயர் வைத்திருந்தாள். அதைத் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். பக்கத்து மேஜைக்காரன் காசு கொடுத்து வாங்குகிற ஒரு பெரிய புரோகிராம் வைத்திருந்தான். ஒரே ஜன்னலுக்குள் பத்து ஜன்னல், பக்கவாட்டில் கோப்புகளின் வரிசை, மேலே கலர் கலராகப் பட்டன்கள். அதற்கு மாளிகை என்று பெயர். அவன் திரையைப் பார்த்துவிட்டுத்தான் அவனுக்கே ஜிகினா என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவதாக, விண்டோஸோடு கூடவே சும்மா வருகிற மொட்டைக் கறுப்பு ஜன்னல் ஒன்று உண்டு. சும்மா வருவதால் அது ஓசி. அதை ஒருவரும் சீந்துவதில்லை.

கறுப்பு ஜன்னல்களில் ஒரு ஆபத்து உண்டு. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அலுவலக அலமாரியில் ஒரு பயிற்சி மெஷின் வைத்திருக்கிறார்கள். மலை நிலையத்து மெஷினின் அச்சு அசல் நகல். எதையும் முதலில் அதில் செய்து பார்த்துவிட்டுத்தான் நிஜ மெஷினில் கை வைக்கவேண்டும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஜன்னலில் திறந்திருந்தால் எது எது என்று குழம்பிப் போகும். அதனால் பம்பக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாள். தண்ணீர் ஓட்டுகிற நிஜ மெஷின் என்றால் ஜன்னலுக்கு அடர்சிவப்புப் பின்னணி, பயிற்சி மெஷின் என்றால் அடர்பச்சை. "சிவப்புன்னா கையைக் கட்டிக்கிட்டு யோசி. பச்சைன்னா உன் இஷ்டம்." புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் பாடமே இதுதான். மீறினவர்களை அவள் விளாசுகிற விளாசலில், ஜிகினா ஒருமுறை சாப்பிடாமலே எழுந்து போயிருக்கிறான்.

அந்தச் சட்டத்தைக் கடைசியில் அவளே மீறினாள்.

ஒரு காலை வேளை. ஊரே குளித்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும் இருக்கிற நேரம். பம்பக்கா பயிற்சி மெஷினை ஒருமுறை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தாள், கட்டளையைத் தட்டினாள், இணைப்பு அறுந்தது. அறுந்தால்தான் சரி. மெஷின் எழுந்திருக்கட்டும் என்று கையை முகத்துக்கு முட்டுக்கொடுத்துக் காத்திருந்தாள். டெலிபோன் அடித்தது. மலை நிலையத்துக் காவலாளி.

"அக்கா, மோட்டாரெல்லாம் நின்னு போச்சு. நீங்க அங்கேருந்து ஏதாவது பண்ணீங்களா?"

அவள் திரும்பி அலமாரியைப் பார்த்தாள்; பயிற்சி மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் எழுந்து, மோட்டார்களை வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கிளப்பி, குழாயில் அழுத்தம் ஏறுவதற்குள் கிழக்குப் பக்கம் முழுக்க வறண்டுபோனது. அங்கேதான் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. அவர்களுடைய தொட்டியில் மிச்சம் இருந்ததால் தப்பித்தார்கள். புகார் கேட்கிற பெண்ணுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது.

மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டார். வயதில் பம்பக்காவைவிட ரொம்பச் சின்னவர், நல்ல மாதிரி, ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு போன் வந்தால் கையும் ஓடாது காலும் ஓடாது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே பம்பக்கா சொல்லிவிட்டாள்.

"நான்தான் சார். ஜன்னல் மாறிப்போச்சு."

மற்றவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு தடவையாவது ஜன்னல் மாறியிருக்கும். மாறவில்லை என்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். மேலாளரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"ஆளுக்கு ஒரு புரோகிராம், ஆளுக்கு ஒரு மாதிரி கலரு, இப்படி இருந்தா மேடமுக்கே தப்புது, மத்தவங்க கதி என்ன? இனிமே ஏழு பேருக்கும் ஒரே புரோகிராம். எதுன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க மேடம். நிறம் பளிச்சுன்னு தெரியணும், அது ஒண்ணுதான் முக்கியம்."

பம்பக்கா சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஜன்னல் மாறிப்போச்சு என்றது பொய்யில்லை. ஆனால் பாதியை மென்று விழுங்கியிருந்தாள். மீதிப் பாதி என்னவென்றால், அவளுக்கு அந்தச் சிவப்பு சிவப்பாகவே தெரியவில்லை.

கொஞ்ச காலமாகவே அப்படித்தான். முதலில் சிவப்பு வெளுத்தது. பிறகு பழுப்பானது. பச்சையும் பின்னாலேயே போய் அதே பழுப்பில் உட்கார்ந்துகொண்டது. கண் டாக்டரிடம் காட்டியதில், கண்ணில் ஒன்றும் இல்லை, கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு நலிந்துகொண்டு வருகிறது என்றார். இரண்டு கண்ணிலும். போனது திரும்பாது, மிச்சத்தை மெதுவாக்கப் பார்க்கலாம் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்ற குரல் ஒண்ணு இருக்கு. கண் இருக்கும்போதே காதுக்குப் பழக்கிக்குங்க" என்றார். அதைக் கேட்டு அவளுக்கு வந்த கோபத்தில் மருந்துச் சீட்டைக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். டாக்டர் மேல் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

அவள் புருஷன் பஸ் ஓட்டுநர். விஷயத்தைக் கேட்டதும் நெடுநேரம் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு கையையும் மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆபீஸ்ல மூச்சு விடாதே" என்றார். "கண்ணுன்னு வாயத் தொறந்தா அதோட முடிஞ்சுது. எங்க டிப்போவுல கண் டெஸ்ட்டுன்னா முந்தின நாளே அந்த எழுத்துப் பலகையை மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போவாங்க. என் கூட்டாளி மனப்பாடம் பண்ணாமப் போனான். என்ன ஆச்சு? டிக்கெட் கட்டு அடுக்கற ரூம்ல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வச்சுட்டாங்க. ஆளே பாதியாயிட்டான்."

"நல்லா இருக்குங்க கதை! பலகையை மனப்பாடம் பண்ணவங்க ஓட்டற பஸ்லதான் நான் தினமும் ஆபீஸ் போறேனா?"

"நான் பண்ணல. எனக்கு நல்லாத் தெரியுது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவீங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தாலும் அவளுக்கு உறைத்தது. அவளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். எந்தக் கட்டளைக்கு எந்த நிலையம் என்ன பதில் எழுதும் என்பதெல்லாம் இத்தனை வருஷத்தில் மனப்பாடம். திரையைப் பாதி பார்த்து, மீதியை நினைவிலிருந்து நிரப்பி ஓட்டிக்கொண்டிருந்தாள். நினைவு சரியாக இருந்தவரை ஓடியது.

அவளுக்கு இந்த நாற்காலி வேண்டும். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த வேலை இல்லாத தன்னை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே மேலாளர் கொடுத்த பொறுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்தாள். பக்கத்தில் புருஷன் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஏழு பேருக்கும் பொருத்தமானது எது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தாள். ஆனால் முதலில் போட்டது அந்தப் படிக்கிற குரலை.

முதலில் குட்டி. எழுத்தைப் பெரிதாக்கினாள், நன்றாகவே தெரிந்தது. மஞ்சள் எழுத்து, கறுப்புப் பின்னணி, சரியாக வந்தது. குரலை அதன் பக்கம் திருப்பினாள். குரல் ஜன்னலின் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. ஒரு வரி தட்டினாள். திரையில் பதில் வந்தது. குரல் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு வரி தட்டினாள், அதற்கும் ஒன்றும் இல்லை. குட்டிக்குள் இருக்கிற எழுத்து அந்தக் குரலுக்கு எழுத்தாகவே படவில்லை, சுவரில் தீட்டிய படம் மாதிரி. மெனுவெல்லாம் தோண்டித் துருவிப் பார்த்தாள். எவ்வளவு மன்றாடியும் அது பேசவில்லை. பம்பக்கா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு அழுதாள்.

"ஒரு புரோகிராமுக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றார் புருஷன்.

"உங்க பழைய வண்டியை ஏலத்துல விட்டப்போ நீங்க என்ன பண்ணீங்க?"

"அன்னைக்கு ஒரே தூசி."

மாளிகையைச் சோதிப்பதற்காக மாதிரிப் பிரதி ஒன்றை இறக்கினாள். அதில் குரல் நன்றாகவே பேசியது, நிறுத்தத்தான் தெரியவில்லை. மேலே இருக்கிற பட்டன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பக்கவாட்டுக் கோப்புகளை எல்லாம் ஒப்பித்தது. வேண்டிய ஒரே இடத்துக்கு, மெஷின் பதில் எழுதுகிற இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டது.

கடைசியில், வேறு வழியில்லாமல், ஓசி. திறந்து, பயிற்சி மெஷினுக்கு இணைப்புப் போட்டு, ஒரு வரி தட்டினாள். குரல் மொத்தத்தையும் வரி விடாமல் படித்தது. புள்ளி, கோடு, சாய்கோடு, எதையும் விடவில்லை.

"அட, கண்டக்டர் மாதிரி ஒவ்வொரு ஸ்டாப்பா சொல்லுதே!" என்று புருஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

இப்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஒரு வேலையும் ஆகாது. அவள் வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். கொஞ்ச நாள் பழகியதும், புருஷனுக்கு ஒரு வார்த்தை பிடிபடாத வேகத்தில் அது கடகடவென்று ஒப்பிக்க, இவள் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டே தட்டினாள். "தண்ணிக்குள்ள முங்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு, இது உனக்குப் புரியுதாக்கும்" என்றார் அவர். அவளுக்குப் புரிந்தது.

ஆக, அவளுக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. குட்டிக்காக இத்தனை வருஷம் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போட்டவள், தான் மட்டும் ஓசிக்கு மாறினால் ஏன் என்று கேட்பார்கள். ஏழு பேரும் மாறினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால், பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். மேலாளர் ஏழு பேருக்கு ஒரு புரோகிராம் கேட்டார். இவள் ஒருத்தி ஒளிந்துகொள்ள ஆறு பேரைத் திரையாகப் பிடித்தாள். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பூசி மெழுகுவதாகத்தான் ஆகும்.

கூட்டத்தில் அவள் ஓசி என்றதும் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுல ஒண்ணுமே இல்லையே அக்கா!" என்றான் ஜிகினா.

"ஒண்ணும் இல்லாததுதான் நல்லது. வாங்க வேண்டாம், விண்டோஸ் கூடவே வருது. எந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாலும் அதே ஜன்னல். ஒருத்தர் செட்டிங்கை இன்னொருத்தருக்கு அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துடலாம்."

"மாளிகையில கோப்பை இழுத்துப் போட்டா போயிடும் அக்கா. இதுல ஒவ்வொண்ணுக்கும் கட்டளை தட்டிக்கிட்டு இருக்கணும். சாயங்காலம் எனக்கு நேரம் இழுத்துடும். பாப்பாவைக் காப்பகத்துல இருந்து நான்தானே கூட்டிட்டுப் போறேன்?"

"பழகினா வேகம் வந்துடும்" என்றாள். சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனாலும் வாசலில் வந்து சாமான் விற்கிறவன் குரலில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

மேலாளர் தலையை ஆட்டினார். ஜிகினாவும் தலையை ஆட்டினான்.

"சரிக்கா. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். காப்பகத்துல கொஞ்சம் லேட்டா வரேன்னு பேசிப் பாக்கறேன்."

சண்டை போட்டிருந்தால் அவள் சமாளித்திருப்பாள். அவன் இப்படி விட்டுக்கொடுத்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. மேலாளர் அதைக் கவனிக்காமல் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார்.

"அப்போ மேடம் போட்ட சட்டத்தையே இன்னும் பெரிசாக்கிடுவோம். நிஜ மெஷின்னா ஜன்னல் மொத்தமும் ரத்தச் சிவப்பு, எழுத்து கறுப்பு. கண் இருக்கிற யாருக்கும் தப்பாது."

"சார், கொஞ்சம் நில்லுங்க" என்றாள் பம்பக்கா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இது உங்களுக்காகப் பார்த்து எடுத்த முடிவு இல்ல. எனக்காக எடுத்தது. எனக்குச் சிவப்பு தெரியல. பச்சையும் தெரியல. நரம்புல கோளாறு, இனிமே சரியாகாதுன்னு சொல்லிட்டாங்க. ஓசி மட்டும்தான் எனக்கு வாய்விட்டுப் படிச்சுச் சொல்லுது, அதான். தம்பி, நீ மாளிகையிலயே இரு. காப்பகத்துல ஒண்ணும் பேச வேண்டாம்."

மேலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அன்னைக்கு மலை நிலையத்துல…"

"ஆமா சார். ஜன்னல் மாறினதே என் கண்ணாலதான். நான் மறைச்சது தப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன், கலரை நம்பினதும் தப்பு. எந்தப் புரோகிராம் வச்சிருந்தாலும் சரி, நிறுத்தச் சொன்னா அந்த மெஷினே 'என் பேர் என்ன, தட்டு' அப்படின்னு திருப்பிக் கேக்கணும். பேரு தப்பாத் தட்டினா நிக்கக் கூடாது. காவல் அங்கே இருக்கணும், இங்கே ஜன்னல்ல இல்ல."

மேலாளர் தலையைச் சொறிந்தார். அவர் மனசில் ஆஸ்பத்திரித் தொட்டி ஓடியிருக்கும். "அதைப் பண்ணிடுவோம்" என்றார். "ஆனா மேடம், நீங்க நிஜ மெஷின் பக்கம் போக வேண்டாம். இப்போதைக்கு. உங்க சாவியை இன்னைக்கே எடுத்துடச் சொல்றேன். தப்பா நினைச்சுக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் இதையேதான் செய்திருப்பாள். ஆனால் வலித்தது. மதியம் வராந்தாவில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேங்க. சாவியை எடுக்கச் சொல்லிட்டாங்க."

அவர் திட்டவில்லை. "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிடு மொதல்ல. நான் சாயங்காலம் ஆபீஸ் வாசலுக்கு வரேன்."

சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை. யார் யார் உள்ளே வரலாம் என்று ஒவ்வொரு நிலையத்து மெஷினிலும் ஒரு கோப்பு இருக்கும், ஆளுக்கு ஒரு வரி. அந்த வரியை எடுத்துவிட்டால் அந்த ஆளை மெஷின் உள்ளே சேர்க்காது. வேலையை ஜிகினாவிடம் கொடுத்திருந்தார்கள். அவன் மாளிகையைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"என்னால முடியலக்கா."

"தள்ளு. நானே எடுக்கறேன்."

ஓசியைத் திறந்தாள். ஹெட்போனைத் தேடவில்லை, இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஸ்பீக்கரிலேயே குரலை விட்டாள். அது கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. முதல் நிலையத்தில் நுழைந்தாள், கோப்பைப் படிக்கச் சொன்னாள், தன் வரியை எடுத்தாள், வெளியே வந்தாள். சரியாகப் போயிற்றா என்று பார்க்க மறுபடி நுழையப் பார்த்தாள். "பெர்மிஷன் டினைட்", அனுமதி இல்லை, என்றது குரல். அடுத்த நிலையம். ஜிகினா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அவளே பேச்சுக் கொடுத்தாள். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா, ராத்திரி தூங்க விடுகிறாளா என்று விசாரித்தாள். அவன் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நடுநடுவே குரல் "பெர்மிஷன் டினைட்" என்றது. கடைசி நிலையமும் முடிந்தது.

"அக்கா, தப்பா எங்கேயாவது என் வரியை எடுத்துடலையே?" என்று விளையாட்டாகக் கேட்டான் ஜிகினா. அழுகையை அடக்குகிறவர்கள் கேட்கிற கேள்வி அது.

"உன் வரி என் வரிக்கு நேர் மேலே இருந்துச்சு. மூணு நிலையத்துல மட்டும் கீழே இருந்துச்சு. எல்லாத்துலயும் பேரைக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"எப்போ கேட்டீங்க? நீங்க திரையைப் பார்க்கவே இல்லையே! பாப்பா பல்லைப் பத்திக் கேட்டதுல இருந்து என் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருந்தீங்க."

அத்தனை நிலையத்தையும் காதாலேயே முடித்திருந்தது பம்பக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு, "சாரைக் கொஞ்சம் வரச் சொல்லு" என்றாள்.

மேலாளர் வந்தார். அவள் கையை நீட்டித் திரையை அணைத்தாள்.

"எனக்கு இப்போ பயிற்சி மெஷினுக்குள்ள மட்டும்தான் போக முடியும். அதுல எதையாவது கெடுத்து வைங்க சார். என்னன்னு சொல்லாதீங்க."

அவர் பக்கத்து மேஜையிலிருந்து எதையோ கெடுத்தார். அவள் இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டபடி தேடினாள். ஒன்றும் மின்னல் வேகம் இல்லை. ஒரு தடவை தப்பான இடத்தில் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள். மேலாளர் கடிகாரத்தைக்கூடப் பார்த்தார். கடைசியில், "தண்ணி மட்டம் அளக்கற புரோகிராமை நிறுத்தி வச்சிருக்கீங்க" என்று சொல்லி அதைக் கிளப்பினாள். "இப்போ மெஷினை நிறுத்திக் காட்டுங்க" என்றார் அவர். அவள் முதலில் மெஷினிடம் அதன் பெயரைக் கேட்டாள். "பயிற்சி" என்றது குரல். கேட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

மேலாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு இப்படிக் கேட்டிருந்தா?"

"மலை நிலையம்னு அதுவே சொல்லியிருக்கும் சார். அன்னைக்கு நான் கண்ணால வேலை பாத்துட்டிருந்தேன்."

அவர் அறை முழுக்க ஒருமுறை பார்த்தார். "சரி. பேர் கேக்கற காவலை முதல்ல எல்லா மெஷினிலயும் போடுவோம். அது வர்ற வரைக்கும் நிஜ மெஷினை நிறுத்தறதுன்னா பக்கத்துல இன்னொருத்தர் உட்காரணும். எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். புரோகிராம் அவங்கவங்களுக்கு எது தோதோ அது இருக்கட்டும்." எழுந்துகொண்டார். "மேடம், உங்க சாவியை மறுபடி போட்டுக்குங்க."

"என்னால முடியாது சார்."

"ஏன், கோபமா?"

"கோபம் இல்ல. நான் வேலையைச் சரியாச் செஞ்சுட்டேன். எந்த நிலையமும் இனிமே என்னை உள்ள விடாது. உள்ள இருக்கறவங்க யாராவதுதான் திறந்துவிடணும்."

ஜிகினா தன் நாற்காலியை இழுத்து அவள் மேஜைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, லேப்டாப்பில் மாளிகையைத் திறந்தான்.

"எந்த நிலையத்துல ஆரம்பிக்கட்டும் அக்கா?"